சிறிய கல்லூரியும் விளையாட்டு வீரரும்: சேர்க்கைக்கு முன் ஒரு கணக்கு

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியையும் பொம்மசந்திராவையும் கடந்தால் சந்தாபுரா வருகிறது. இங்கிருந்து ஒரு சாலை ஆனேக்கலுக்கும் மற்றொரு சாலை தொம்மசந்திராவுக்கும் பிரிகின்றன. தொழிற்பேட்டைகளுக்காக வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதியில் ஏராளம். சுற்று வட்டாரத்தில் பொறியியல், மேலாண்மை, கலை, வணிகம், செவிலியம் எனப் பலதுறைக் கல்லூரிகளும் நிறைந்திருக்கின்றன. ஆனேக்கல் சாலையில் 2010-ஆம் ஆண்டு முதல் தனியார் பல்கலைக்கழகமாக இயங்கும் அலையன்ஸ் போன்ற பெரிய வளாகமும் உண்டு. சில நூறு மாணவர்களோடு, ஒரே கட்டடத்தில் நடக்கும் சிறு கல்லூரிகளும் உண்டு.

மேனிலைப் பள்ளித் தேர்வு முடிவுகள் வெளியானதும் கல்விக் கடன் பற்றிக் கேட்கப் பெற்றோர் வங்கிக் கிளைகளுக்கு வரத் தொடங்குகின்றனர். அவர்களுள் ஒரு பிரிவினரின் கேள்வி சற்று வேறானது. மகன் மாவட்ட அளவில் கைப்பந்து ஆடுகிறான். மகள் மாநில அளவில் ஓடுகிறாள். படிப்பும் கெடக்கூடாது, ஆட்டமும் நிற்கக்கூடாது. பெயர் பெற்ற பெரிய பல்கலைக்கழகத்தில் சேர்ப்பதா, வீட்டிற்கு அருகிலுள்ள சிறிய கல்லூரியில் சேர்ப்பதா என்று அவர்கள் தயங்குகின்றனர். இத்தயக்கம் நியாயமானதே. மூன்று அல்லது நான்கு ஆண்டுகளும், சில இலட்சம் ரூபாயும், ஒரு பிள்ளையின் விளையாட்டு வாழ்வும் அந்த ஒரு முடிவைச் சார்ந்துள்ளன. அம்முடிவை எவ்வாறு எடுப்பது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஸ்பிரிங்பீல்டிலிருந்து நந்தனத்திற்கு

கல்லூரி விளையாட்டு நம் நாட்டில் வேரூன்றிய கதையில் அமெரிக்காவின் சிறிய கல்லூரி ஒன்றுக்குப் பெரும் பங்குண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்பீல்டு என்னும் நகரில் 1885-இல் தொடங்கப்பெற்ற கல்லூரி அது. கிறித்தவ இளைஞர் சங்கமாகிய ஒய்.எம்.சி.ஏ.வின் பணியாளர்களைப் பயிற்றுவிப்பது அதன் தொடக்ககால நோக்கம். 1891 திசம்பரில் அங்கே ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் மாணவர்கள் உள்ளரங்கில் ஆடுவதற்காகக் கூடைப்பந்தை உருவாக்கினார். அங்கே பயின்ற வில்லியம் மார்கன் 1895-இல் அருகிலுள்ள ஹோலியோக் நகரில் கைப்பந்தை உருவாக்கினார். இன்று தமிழகத்தின் சிற்றூர்களில் கூட மாலையில் ஆடப்படும் இரண்டு ஆட்டங்களும் ஒரே கல்லூரியோடு தொடர்புடையவை.

அக்கல்லூரியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் 1919-இல் இந்தியாவிற்கு வந்தார். 1920-இல் அவர் சென்னையில் நிறுவிய உடற்கல்விப் பள்ளியே, இன்று நந்தனத்தில் நூற்றாண்டு கடந்து நிற்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. 1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியின் மேலாளராகவும் அவர் பணியாற்றினார். அக்கல்லூரியில் பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் தென்னிந்தியப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் பரவினர். ஆடுகளம் வகுப்பறையின் மற்றொரு பகுதி என்னும் எண்ணம் அவர்கள் வழியாகவே நம்மிடையே நிலைபெற்றது.

ஸ்பிரிங்பீல்டு கல்லூரி இன்றும் சிறிய கல்லூரியே. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் மூன்றாம் பிரிவு எனப்படும் வரிசையில் அது ஆடுகிறது. அப்பிரிவு என்ன என்பதை அறிந்துகொண்டால் நம் ஊர்க் கணக்கும் தெளிவாகும்.

ஒரு மாநிலம், மூன்று பிரிவுகள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஒழுங்குபடுத்தும் அமைப்புகளில் முதன்மையானது என்.சி.ஏ.ஏ. இவ்வமைப்பு 1906-இல் தோன்றியது. 1973-இல் தன் உறுப்புக் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக வகுத்தது. முதற் பிரிவில் உள்ளவை விளையாட்டுத் திறனுக்காக உதவித்தொகை வழங்கலாம். இரண்டாம் பிரிவில் உள்ளவை குறைந்த அளவில் வழங்கலாம். மூன்றாம் பிரிவில் விளையாட்டிற்கென உதவித்தொகை கிடையாது. ஆயினும் நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளைக் கொண்ட இந்த மூன்றாம் பிரிவே எண்ணிக்கையில் பெரியது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மூன்று பிரிவுகளையும் அருகருகே காணலாம். பாஸ்டன் கல்லூரி, ஹார்வர்டு, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகம் ஆகியவை முதற் பிரிவைச் சேர்ந்தவை. பென்ட்லி, அசம்ப்ஷன் ஆகியவை இரண்டாம் பிரிவில் இருந்து வருபவை. வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், டஃப்ட்ஸ், ஸ்பிரிங்பீல்டு முதலியவை மூன்றாம் பிரிவில் ஆடுகின்றன. எம்.ஐ.டி. என்றதும் நம்மவர்களுக்குக் குரோம்பேட்டை நினைவுக்கு வரும். மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள உலகப் புகழ் பெற்ற எம்.ஐ.டி.யும் பெரும்பாலான ஆட்டங்களில் மூன்றாம் பிரிவிலேயே உள்ளது. முப்பதுக்கும் மேற்பட்ட அணிகளை அது நடத்துகிறது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். பிரிவு என்பது மாணவர் எண்ணிக்கையால் மட்டும் அமைவதன்று. உஸ்டர் நகரின் ஹோலி கிராஸ் கல்லூரியில் ஏறத்தாழ 3,000 மாணவர்களே பயில்கின்றனர். ஆயினும் அது முதற் பிரிவில் ஆடுகிறது. எங்கே ஆடுவது, எவ்வளவு செலவிடுவது என்பதைக் கல்லூரியே தீர்மானித்து, அதற்குரிய நிபந்தனைகளை ஏற்கிறது. ஸ்டோன்ஹில் என்னும் சிறிய கல்லூரி 2022-இல் இரண்டாம் பிரிவிலிருந்து முதற் பிரிவுக்கு உயர்ந்தது. மறுபுறம், முதற் பிரிவிலேயே இருந்த பாஸ்டன் பல்கலைக்கழகம் 1997-இலும் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம் 2009-இலும் தத்தம் அமெரிக்கக் கால்பந்து அணிகளைக் கைவிட்டன. பெரிய நிறுவனமும் விளையாட்டில் வரவு செலவு பார்த்தே நடக்க வேண்டியிருக்கிறது.

உதவித்தொகை இல்லாத மூன்றாம் பிரிவில் மாணவர்கள் ஏன் ஆடுகின்றனர்? ஆட வாய்ப்புக் கிடைக்கிறது என்பதே முதற் காரணம். ஏறத்தாழ 2,000 மாணவர்களைக் கொண்ட வில்லியம்ஸ் கல்லூரியில், கல்லூரி அணிகளில் ஆடுவோர் மூன்றில் ஒரு பங்கினர் என்னும் அளவில் உள்ளனர். 1859-ஆம் ஆண்டு சூலை 1 அன்று இக்கல்லூரியும் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியும் ஆடிய ஆட்டமே கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் பேஸ்பால் போட்டி. 73-க்கு 32 என ஆம்ஹர்ஸ்ட் வென்றது. அன்று தொடங்கிய போட்டி மனப்பான்மை பணமின்றியே இன்றும் தொடர்கிறது. முதற் பிரிவிலோ நிலைமை வேகமாக மாறிவருகிறது. 2025 சூனில் நீதிமன்றம் ஒப்புதல் அளித்த உடன்பாட்டின்படி, முதற் பிரிவுக் கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் வழங்கலாம்; 2025-26 கல்வியாண்டிற்கு ஒரு கல்லூரிக்கான உச்சவரம்பு ஏறத்தாழ 2.05 கோடி டாலர்.

இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. சிறிய கல்லூரி நிதி நெருக்கடிக்கு எளிதில் உள்ளாகும். உஸ்டரில் இருந்த பெக்கர் கல்லூரி 2021-இல் மூடப்பட்டது. மவுண்ட் ஐடா கல்லூரி 2018-இல் மூடப்பட்டது. இரண்டும் மூன்றாம் பிரிவில் அணிகளை நடத்தியவை. அங்கே படித்தவர்கள் இடைநடுவில் வேறு கல்லூரியைத் தேட நேர்ந்தது. சேரும் நிறுவனத்தின் நிதிநிலையும் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று என்பதற்கு இவை சான்று.

நம் நாட்டு ஏற்பாடு

நம் நாட்டில் இவ்வகைப் பிரிவுகள் இல்லை. 1925-இல் பல்கலைக்கழகங்களிடை வாரியமாகத் தோன்றி, இன்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் என வழங்கும் அமைப்பே பல்கலைக்கழகப் போட்டிகளை நடத்துகிறது. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு மண்டலங்களில் போட்டிகள் நடைபெறுகின்றன. மண்டலத்தில் முன்னிலை பெறும் அணிகள் அகில இந்தியச் சுற்றுக்குச் செல்கின்றன. ஒட்டுமொத்தச் சிறப்புக்கான மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை 1956-57 முதல் வழங்கப்படுகிறது. அமிர்தசரஸின் குரு நானக் தேவ் பல்கலைக்கழகம் அதனை அதிக முறை வென்றுள்ளது.

இந்தப் போட்டிகளில் கல்லூரி நேரடியாக ஆடுவதில்லை, பல்கலைக்கழகமே ஆடுகிறது. நம் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்ற கல்லூரிகள் முதலில் தமக்குள் மோதுகின்றன. அவற்றுள் சிறந்து ஆடியவர்கள் தேர்வுமுகாமிற்கு அழைக்கப்பெற்று, அவர்களிலிருந்து பல்கலைக்கழக அணி அமைகிறது. நூற்றுக்கணக்கான கல்லூரிகளைக் கொண்ட பல்கலைக்கழகமாயினும் அனுப்புவது ஓர் அணியையே. கருநாடகத்தின் பொறியியல் கல்லூரிகள் பலவற்றை இணைத்துள்ள பெலகாவியின் விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திற்கும், சென்னையின் அண்ணா பல்கலைக்கழகத்திற்கும் இது பொருந்தும்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ தனியார் பல்கலைக்கழகமோ இணைவுக் கல்லூரிகள் இன்றித் தன் வளாக மாணவர்களைக் கொண்டே தனி அணியை அனுப்புகிறது. எனவே நாடு முழுவதிலுமிருந்து திறமையான வீரர்களைத் தேடிக் கட்டணச் சலுகையோடு சேர்த்துக்கொள்வது அதற்கு இயல்பான வழியாகிறது. இதன் பலனைப் பெங்களூரிலேயே கண்டோம். 2022 ஏப்ரல் 24 முதல் மே 3 வரை இந்நகரில் நடந்த கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகளில், போட்டியை நடத்திய ஜெயின் நிகர்நிலைப் பல்கலைக்கழகமே 20 தங்கப் பதக்கங்களோடு முதலிடம் பெற்றது.

சிறிய கல்லூரியில் கிடைப்பதும் கிடைக்காததும்

இவ்வேறுபாட்டிலிருந்து இரண்டு வழிகள் தெளிவாகின்றன.

தேசிய அளவில் ஏற்கெனவே பதக்கம் பெற்ற வீரருக்குப் பெரிய பல்கலைக்கழகமே பொருத்தமானது. செயற்கை ஓடுபாதை, உடற்பயிற்சிக் கூடம், முழுநேரப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர், பயணச் செலவு ஆகியவற்றைச் சிறிய கல்லூரியால் ஈடுகட்ட இயலாது. அந்நிலை வீரர் சிறிய கல்லூரியில் சேர்ந்தால் வளர்ச்சி தடைபடக்கூடும்.

மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் உள்ள வீரரின் கணக்கு வேறு. பெரிய வளாகத்தில் அவருக்கு முன்னே தேசிய வீரர்கள் பலர் வரிசையில் நிற்பர். மூன்றாண்டுகளும் மாற்று ஆட்டக்காரராகவே கழிந்துவிடக்கூடும். இணைவுக் கல்லூரியிலோ முதலாண்டிலேயே கல்லூரி அணியில் இடம் கிடைக்கும். கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளில் தொடர்ந்து ஆடலாம். அங்கே திறமை வெளிப்பட்டால் பல்கலைக்கழகத் தேர்வுமுகாம் திறந்திருக்கிறது. கல்லூரியின் அளவு அந்த முகாமில் கணக்கில் வராது. தனிநபர் ஆட்டங்களில் இவ்வழி இன்னும் எளிது. ஓட்டத்திலும் தாண்டுதலிலும் நேரமும் தூரமுமே பேசும். எந்தக் கல்லூரி என்று அளவுநாடா பார்ப்பதில்லை.

பல்கலைக்கழகச் சட்டை அணிவதால் பெருமை மட்டும் விளைவதில்லை. நடுவண் அரசின் 'சி' பிரிவுப் பணியிடங்களில் விளையாட்டு வீரர்களை நியமிப்பதற்கான விதிகள், பல்கலைக்கழகங்களிடைப் போட்டியில் தம் பல்கலைக்கழகத்தின் சார்பில் ஆடியவரையும் தகுதியுடையவராகக் கொள்கின்றன. அதற்குரிய சான்றிதழைப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர் வழங்க வேண்டும்; கல்லூரி முதல்வர் தரும் சான்றிதழ் போதாது. நாட்டிற்காகவும் மாநிலத்திற்காகவும் ஆடியோருக்கு முன்னுரிமை உண்டு என்பது உண்மை. ஆயினும் முகாமில் தேறி ஒருமுறை பல்கலைக்கழக அணியில் ஆடுவதும், பெரிய வளாகத்தின் மாற்று வரிசையில் மூன்றாண்டுகள் அமர்ந்திருப்பதும் வேலைவாய்ப்பு நோக்கில் ஒன்றல்ல.

சிறிய கல்லூரியின் குறைகளையும் மறைக்கத் தேவையில்லை. சொந்தத் திடல் இல்லாத கல்லூரிகள் பல. உடற்கல்வி இயக்குநர் ஒருவரே எல்லா ஆட்டங்களையும் கவனித்துக்கொள்ளும் நிலை பரவலானது. மாணவர் கட்டணத்தில் விளையாட்டுக் கட்டணம் என ஒரு தொகை பெறப்பட்டாலும், அதில் எவ்வளவு ஆடுகளத்தைச் சென்றடைகிறது என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறுபடும். சந்தாபுரா வட்டாரத்தில் படிப்போருக்கு ஓர் ஆறுதல் உண்டு. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்டதால், நகரின் திடல்களுக்கும் பயிற்சி மையங்களுக்கும் சென்று திரும்புவது முன்னைவிட எளிதாகியுள்ளது.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை

கல்லூரிக்கு நேரில் செல்லும்போது பெற்றோர் கீழ்க்காணும் வினாக்களைக் கேட்டறிதல் நலம்.

1. கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்றுள்ளது? கடந்த மூன்று ஆண்டுகளில் இக்கல்லூரியிலிருந்து எத்தனை பேர் பல்கலைக்கழக அணியில் இடம்பெற்றனர், எந்த ஆட்டங்களில்?

2. நம் பிள்ளை ஆடும் ஆட்டத்தில் கல்லூரிக்கு அணி உண்டா? பெண்கள் அணி தனியே உண்டா?

3. பயிற்சி எங்கே, எந்த நேரத்தில் நடக்கிறது? விடுதி மாணவியர் மாலைப் பயிற்சி முடித்துத் திரும்ப ஏற்பாடு உள்ளதா?

4. போட்டிக்குச் செல்லும் நாட்களுக்கு ஓ.டி. வழங்கப்படுமா? உள்மதிப்பீட்டுத் தேர்வு தவறினால் மறுவாய்ப்பு உண்டா?

5. கட்டணச் சலுகை உண்டெனில் எழுத்து வடிவில் தருவார்களா? அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதா? பதக்கம் பெறாத ஆண்டிலும், காயத்தால் ஆட இயலாத ஆண்டிலும் அது தொடருமா?

ஐந்தாவது வினாவே குடும்பத்தின் பணத்தை நேரடியாகத் தொடுவது. முதலாண்டில் முழுக் கட்டணமும் தள்ளுபடி என்னும் வாய்மொழியை நம்பிச் சேர்ந்து, முழங்கால் காயத்திற்குப் பின் இரண்டாம் ஆண்டில் முழுக் கட்டணம் கட்ட நேர்ந்தால் குடும்பக் கணக்கு முழுவதும் குலைந்துவிடும். ஆகவே சலுகை இல்லாத நிலையிலும் இப்படிப்பைத் தொடர நம்மால் இயலுமா என்று முன்கூட்டியே கணக்கிடுவது அறிவுடைமை.

பணக் கணக்கு

உள்நாட்டுப் படிப்புக்கான கல்விக் கடனில், வங்கிகள் பொதுவாகப் பின்பற்றும் மாதிரித் திட்டத்தின்படி 4 இலட்சம் ரூபாய் வரை பெற்றோரின் பங்குத்தொகை தேவையில்லை, 7.5 இலட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் கோரப்படுவதில்லை. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை தொடங்காது. அதன்பின் 15 ஆண்டுகள் வரை திருப்பிச் செலுத்தலாம். ஆனால் தவணை தொடங்காத காலத்திலும் வட்டி கணக்கிடப்படுகிறது. இயன்ற குடும்பத்தினர் அவ்வட்டியை மாதந்தோறும் செலுத்திவந்தால் பின்னாளின் சுமை வெகுவாகக் குறையும். பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள், செலுத்தும் வட்டிக்கு வருமான வரிச் சட்டம் அளிக்கும் கழிவையும் எட்டு ஆண்டுகள் வரை பெறலாம்.

கட்டணச் சலுகை கிடைத்துள்ள மாணவருக்குச் சலுகை போக மீதமுள்ள தொகைக்கே கடன் மதிப்பீடு அமைய வேண்டும். அதே நேரத்தில், பின்னாளில் சலுகை நின்றால் கடன் தொகையை உயர்த்த வழியுண்டா என்பதைக் கடன் பெறும்போதே கிளை மேலாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம். காலணி, மட்டை, சத்துணவு, போட்டிப் பயணம் ஆகிய விளையாட்டுச் செலவுகளைக் கடனில் சேர்க்காமல், மாதந்தோறும் சிறு தொகையைத் தொடர் வைப்பில் இட்டுச் சமாளிப்பதே ஏற்றது. இவை சிறுகச் சிறுக ஆண்டு முழுவதும் வரும் செலவுகள். பதினைந்து ஆண்டுகள் வட்டி கட்டும் கடனுக்கு உரியவை அல்ல.

காயத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டணத்தில் 2 இலட்சம் ரூபாய் வரை காப்பளிக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 வயது நிரம்பிய, வங்கிக் கணக்குள்ள மாணவர் எவரும் சேரலாம். ஆனால் அது விபத்தால் நேரும் இறப்பிற்கும் நிலையான ஊனத்திற்கும் உரியது; எலும்பு முறிவுச் சிகிச்சைக்கான செலவை அது ஏற்காது. குடும்பத்தின் மருத்துவக் காப்பீட்டில் பிள்ளையின் பெயர் உள்ளதா, விளையாட்டில் நேரும் காயத்திற்கு அதில் விலக்கு ஏதேனும் உள்ளதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

அமெரிக்கா செல்ல விரும்புவோருக்கும் ஒரு சொல். மூன்றாம் பிரிவுக் கல்லூரி விளையாட்டிற்காகக் கட்டணம் குறைக்காது. மாசசூசெட்ஸின் தனியார் கல்லூரிகள் பலவற்றில் தங்கும் செலவு உட்பட ஆண்டுச் செலவு 80,000 டாலரைக் கடந்துவிட்டது. ஆனால் எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்றவை சேர்த்துக்கொண்ட மாணவரின் குடும்ப வருவாயைப் பார்த்து, வெளிநாட்டவர்க்கும் தேவையான அளவு உதவி வழங்குகின்றன. ஆகவே அங்கே வாசலைத் திறப்பது மதிப்பெண்ணும் பிற தகுதிகளுமே. ஆட்டம் அவற்றிற்குத் துணை நிற்கும்.

எது வெற்றி?

கல்லூரி அணியில் ஆடுவோரில் பெரும்பாலோர் விளையாட்டையே தொழிலாகக் கொள்வதில்லை. அமெரிக்காவிலும் இதே நிலைதான். ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, பட்டம் பெற்று வெளிவரும் நாளில் பிள்ளையின் கையில் என்ன இருக்கும் என்பதை முதன்மையாகக் கொள்ள வேண்டும். மதிப்புள்ள ஒரு பட்டம், தொடர்ந்து ஆடிய சில ஆண்டுகள், இயன்றால் பல்கலைக்கழக அணிச் சான்றிதழ், தாங்கக்கூடிய அளவில் ஒரு கடன் ஆகிய நான்கும் சேர்ந்திருந்தால் அத்தேர்வு நல்ல தேர்வே. கல்லூரியின் பெயர்ப் பலகை பெரிதா சிறிதா என்பது அதன் பின்னரே வரும்.

மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் நமக்குக் காட்டும் வழியும் இதுவே. பணம் கொடுத்து வீரரைச் சேர்க்க இயலாத கல்லூரியும், திடலைத் திறந்து வைத்து, ஆட விரும்புவோருக்கு அணியும் நேரமும் தரலாம். அதனைச் செய்கிற சிறிய கல்லூரி உங்கள் ஊருக்கு அருகிலேயே இருக்கக்கூடும். விண்ணப்பப் படிவம் வாங்கும் முன், ஒரு மாலை வேளையில் பிள்ளையோடு சென்று அதன் திடலில் யாரேனும் ஆடுகிறார்களா என்று பார்த்து வாருங்கள். கல்லூரியின் விளம்பரக் கையேட்டைவிட அத்திடல் உண்மையை உரைக்கும்.